ஒரு ஆள் குறையுது

அண்ணி: எண்ணிக்கை ஒரு தடவை தப்பினா சரி, களைப்புன்னு விட்டுடலாம். மூணு தடவையா?

நாத்தனார்: மெதுவா அண்ணி... கால் முறிஞ்ச தையல்காரர் இப்பதான் கண் அசந்தார்.

அண்ணி: அண்ணின்னு கூப்பிடாதே. இப்ப கேக்கறது மேட்ரன்.

நாத்தனார்: சரிங்க மேடம். டீ ஆறுது மேடம்.

அண்ணி: கிண்டலா?

நாத்தனார்: நிஜமாவே ஆறுது. காலையிலேருந்து உங்களுக்குப் பச்சைத் தண்ணி பல்லுல படலை. குடிச்சுட்டுத் திட்டுங்க, தெம்பா இருக்கும்.

அண்ணி: ...உங்க அண்ணன் போன் பண்ணாரா?

நாத்தனார்: விடாம. "ரெண்டு பேருக்கும் கை கால் முழுசா இருக்கா"ன்னார். இருக்குன்னேன். "அப்ப குக்கர் எத்தனை விசில்னு மட்டும் சொல்லு"ன்னார்.

அண்ணி: மனுஷனைப் பாரு! வார்டுக் கூரையே இடிஞ்சு விழுந்திருக்கு, இவருக்கு விசில் கவலை.

நாத்தனார்: பயந்துட்டார் அண்ணி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பயந்தா சம்பந்தமில்லாம ஏதாவது கேப்பார்.

அண்ணி: மேல போய்ப் பார்த்தியா?

நாத்தனார்: தீயணைப்புக்காரங்க உள்ள விடலை. வாசல்லேருந்து எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்து வரிசை முழுக்கக் காங்கிரீட். அந்த பஸ் கண்டக்டர் படுத்திருந்த கட்டில் மேல ஃபேன் குப்புறக் கிடக்கு.

அண்ணி: அவர்கிட்ட சொல்லலையே?

நாத்தனார்: சொல்லிட்டேன். "நான் படுத்திருந்தவரைக்கும் அந்த ஃபேன் ஒழுங்கா சுத்தினதே இல்லை சிஸ்டர், விழறதுலயாவது வேகம் காட்டுச்சே"ன்னார். சொல்லிட்டு... கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட காலையே பார்த்துட்டிருந்தார். நான் பக்கத்துல உட்கார்ந்துட்டு வந்தேன்.

அண்ணி: ம்... நல்லது.

நாத்தனார்: இங்க எல்லாரும் பரவாயில்லை. கூடத்துல காத்து வருது. புறநோயாளிகளை நாளைக்கு அந்தப் பக்கக் கட்டடத்துல பார்க்கட்டும்னு சொல்லிட்டாங்களாம். என்ன ஒண்ணு, எலும்பு வார்டு மொத்தமும் மருந்து கவுன்டர் எதிர்ல படுத்திருக்கறதைப் பார்த்து, வர்றவங்க எல்லாம் வரிசை எங்கேன்னு கேக்கறாங்க.

அண்ணி: அந்த வாயில்லாப்பூச்சி நர்ஸ் எங்க?

நாத்தனார்: வீட்டுக்கு அனுப்பிட்டேன். போகவே மாட்டேன்னா.

அண்ணி: பார்த்தியா அவளை இன்னிக்கு? வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து அவ குரலை நான் கேட்டதில்லை. தையல்காரர் காலை இழுத்துப் பிடிச்சுட்டே சாய்தளம் முழுக்கப் பின்னாடி நடந்தா. கொஞ்சம் தளர்த்தினாக் கூட எலும்பு விலகிடும். பிடி தளரலையே! நடுவுல ஒரு டாக்டர் போனும் கையுமா நின்னாரு பாரு...

நாத்தனார்: "ஓரம் போங்க!"

அண்ணி: "ஓரம் போங்க"ன்னு மட்டுமா? "போனை அப்புறம் பாருங்க"ன்னா! டாக்டர் சுவத்தோட ஒட்டிட்டார்.

நாத்தனார்: பல்லி மாதிரி.

அண்ணி: சிரிக்காதே, எனக்கும் சிரிப்பு வருது... அப்புறம் அந்தத் தலையணை. அறை காலியானா வாசல்ல ஒரு தலையணை போடணும்னு ஆபத்துக்கால ஒத்திகையில எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன். "மேடத்துக்கு வேற வேலை இல்லை, தலையணைக்குக் கால் முளைக்க வைக்கறாங்க"ன்னு பேசினது என் காதுல விழாமயா இருக்கும்? இன்னிக்கு ஒரு வாசல் விடாம போட்டிருந்தாங்க. தீயணைப்பு அதிகாரி என்கிட்ட கேட்டார், "ஏம்மா, வாசலெல்லாம் தலையணை கிடக்கு?"ன்னு. "உள்ள யாரும் இல்லைன்னு அர்த்தம் சார். உங்க ஆளுங்க இடிபாட்டுக்குள்ள உயிரைப் பணயம் வச்சுத் தேட வேண்டாம்"னேன்.

நாத்தனார்: அதுக்கு அவர்?

அண்ணி: தலைக்கவசத்தைக் கழட்டினார். கழட்டி அக்குள்ல வச்சுட்டு, அப்படியே நின்னார்.

நாத்தனார்: அப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் பொண்ணு தோத்தா.

அண்ணி: ஏன், பெருமைப்படக் கூடாதா? பட்டேன். வெக்கமே இல்லாம பட்டேன். என் பொண்ணுங்கடி அவங்க. "ஒத்திகை ராணி"ன்னு முதுகுக்குப் பின்னாடி சிரிச்ச அத்தனை பேரும் இன்னிக்கு...

நாத்தனார்: ஒரு திருத்தம். அந்தப் பேரை வச்சது நான்.

அண்ணி: தெரியும். உங்க அண்ணன் சாப்பாட்டு மேசையில உளறிட்டார்.

நாத்தனார்: துரோகி.

அண்ணி: பேச்சை மாத்தாதே. விஷயத்துக்கு வரேன். இவ்வளவு பெருமைக்கு நடுவுல எனக்கு நெஞ்சுல முள்ளாக் குத்தறது ஒண்ணே ஒண்ணு. நீ. கீழ வந்ததும் தலை எண்ணறது யார் வேலை? வார்டு பொறுப்பாளர் வேலை. உன் வேலை. முதல் தடவை என்ன சொன்னே?

நாத்தனார்: ஒரு ஆள் குறையுதுன்னேன்.

அண்ணி: எல்லாரும் இருந்தாங்க. கீழ இருக்கற குளியலறை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாத்தையும் ஒரு கூட்டமே போய்த் தேடிட்டு வந்துச்சு. ரெண்டாவது தடவை?

நாத்தனார்: ஒரு ஆள் அதிகம்னேன்.

அண்ணி: கண்டக்டரைப் பார்க்க வந்த மச்சானை நோயாளியோட சேர்த்து எண்ணிட்டே! அவர் கையில பழக்கூடையோட நின்னுட்டிருந்தார். எந்த நோயாளி பழக்கூடையோட இடம் மாறுவான்?

நாத்தனார்: பசி அண்ணி. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு.

அண்ணி: பசியாம் பசி. ரெண்டு நாள் தொடர்ந்து வெள்ள முகாம்ல நின்னவ நீ. அப்ப இருட்டாத கண்ணு இப்ப இருட்டுச்சாக்கும். அந்தக் கண்டக்டரே எண்ணிட்டார். "சிஸ்டர், வண்டி ஃபுல்லு, எல்லாரும் இருக்கோம், ரைட்டு போலாம்"னார். அவரைப் பார்த்து, "வாயை மூடிட்டு உட்காருங்க"ன்னே.

நாத்தனார்: அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன்.

அண்ணி: மூணாவது தடவையைப் பத்தி நான் பேசப் போறதில்லை. பேசினா ரத்தக் கொதிப்பு ஏறும்.

நாத்தனார்: பேசாதீங்க. நல்லது.

அண்ணி: இதோ பாரு. பேரிடர் பொறுப்புக்கு நர்ஸுங்கள்ல ஒருத்தர் பேரைக் கேட்டிருக்கார் பெரிய டாக்டர். இந்த மருத்துவமனையில அப்படி ஒரு பதவியே இதுவரைக்கும் இல்லை. வெள்ளமோ, தீயோ, பஸ் விபத்தோ... அன்னிக்கு எல்லா வார்டும் அந்த ஒருத்தி சொல்லைக் கேக்கணும். டாக்டருங்க உட்பட. அதுக்காக எத்தனை வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்.

நாத்தனார்: தெரியும்.

அண்ணி: அந்தப் பதவி வரணும்னு என்னைவிட ஆசைப்பட்டவ நீ. லீவு நாள்ல எல்லாம் பயிற்சிக்குப் போனே. உன் பொண்ணு பள்ளிக்கூட விழாவுக்கு நான் போய் உட்கார்ந்துட்டு வந்தேன், நீ தீயணைப்பு நிலையத்துல கயிறு கட்டக் கத்துக்கிட்டிருந்தே.

நாத்தனார்: அவ இன்னும் சொல்லிக் காட்டறா. "அத்தைதான் கை தட்டினாங்க, நீ வரலை"ன்னு.

அண்ணி: நாளைக்குக் காலையில பேரைச் சொல்லணும். உன் பேரைத்தான் சொல்றதா இருந்தேன்.

நாத்தனார்: ...இருந்தீங்க.

அண்ணி: இருந்தேன். இப்ப எப்படிச் சொல்றது? எண்ணத் தெரியாதவளுக்கா? கூடம் முழுக்க ஆளுங்க பார்த்தாங்க. "நாத்தனார்ங்கறதால தூக்கி வச்சுட்டாங்க"ன்னு ஏற்கனவே பேச்சு. இனி வாயை மூட முடியுமா? அதனால... ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் பேரைச் சொல்லப் போறேன்.

நாத்தனார்: சொல்லுங்க. கெட்டிக்காரி. பதறாத ஆளு.

அண்ணி: அவ்வளவுதானா?

நாத்தனார்: வேற என்ன சொல்லணும்?

அண்ணி: சண்டை போடுடி! "நான் இல்லாம எவளுக்கு இந்த வேலை தெரியும்"னு கேளு. காய்ச்சல்னு சொல்லு, தூங்கலைன்னு சொல்லு, உன் அண்ணனோட ராத்திரி சண்டைன்னு சொல்லு, ஏதாவது சொல்லேன்! கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா நான் என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உன் பேரைச் சொல்றது?

நாத்தனார்: அண்ணி... சத்தம். தையல்காரர் புரண்டு படுக்கறார்.

அண்ணி: புரளட்டும்.

நாத்தனார்: ஒத்திகையில எண்ணிக்கை தப்பிடுச்சு. தப்புதான். ஆனா அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. நல்லவேளை, அந்த நேரத்துல ஒத்திகை நடந்துச்சு. எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க? நிர்வாகிகூட பத்து பேருக்குப் போன் பண்ணிட்டார், "எங்க மருத்துவமனைக்கு அதிர்ஷ்டம்"னு.

அண்ணி: அதிர்ஷ்டம்!

நாத்தனார்: ஏன் அப்படிச் சிரிக்கறீங்க?

அண்ணி: அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா பாரு.

நாத்தனார்: கவுன்டர்ல ஆள் போயாச்சு. யாரும் இல்லை.

அண்ணி: உன்கிட்ட சொல்றேன். இது உன் வயித்துக்குள்ளயே இருக்கணும். உங்க அண்ணனுக்குக் கூட...

நாத்தனார்: அவருக்கா? அவருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.

அண்ணி: அது ஒத்திகையே இல்லை.

நாத்தனார்: ஓ.

அண்ணி: காலையில சுத்தி வந்தேன் இல்லை? உங்க வார்டுக் கதவு. சின்னக் காத்துக்கே தானா சாத்திக்கற கதவு. இன்னிக்குத் தள்ளறேன், தள்ளறேன், நிலையில உரசிட்டு நிக்குது. கதவு வீங்கலை, நிலைதான் இறங்கியிருக்கு. அண்ணாந்து பார்த்தேன். போன வாரம் முடி கனத்துல இருந்த விரிசல், விரல் நுழையற அளவு வாயைப் பிளந்திருக்கு.

நாத்தனார்: யார்கிட்டயும் சொல்லலையா?

அண்ணி: நேரா நிர்வாகிகிட்ட ஓடினேன். "நாளைக்கு இன்ஜினியர் வர்றார், பார்த்துக்கலாம். வார்டைக் காலி பண்ண என் உத்தரவு வேணும். வீணா பீதியைக் கிளப்பாதீங்க"ன்னார். பெரிய டாக்டர் வெளியூர், போன் எடுக்கலை. கெஞ்சினேன். நாற்காலியில உட்காரக்கூடச் சொல்லலை. திரும்பி வந்தேன். படிக்கட்டுல பாதி இறங்கும்போதுதான் பொறி தட்டுச்சு. வார்டைக் காலி பண்றது அவர் கையில. ஒத்திகை என் கையில.

நாத்தனார்: அட.

அண்ணி: விசிலை எடுத்து ஊதினேன். அதான் நடந்தது. எல்லாரும் முனகிட்டே கட்டிலைத் தள்ளினீங்க. ஒருத்திக்கும் தெரியாது. தெரிஞ்சா கை நடுங்கும்னு சொல்லலை. அதோட, நாளைக்கு விசாரணைன்னு வந்தா, உத்தரவை மீறினது நான் ஒருத்தியா மட்டும் இருக்கட்டும்னு நினைச்சேன்.

நாத்தனார்: பெரிய ஆளுதான் அண்ணி நீங்க.

அண்ணி: பெரிய ஆளு என்ன பெரிய ஆளு... கீழ வந்தப்புறம்தான் நரகம். கூரை விழவும் இல்லை, சும்மா இருக்கவும் மனசு இல்லை. ஒத்திகைன்னா முடிஞ்சதும் எல்லாரும் திரும்ப மேல போகணுமே! போர்வை சரியில்லைன்னேன், மறுபடி போடுங்கன்னேன். சக்கர நாற்காலி வரிசை கோணலா இருக்குன்னேன். மருந்து ஒப்படைக்கறதை மறுபடி சொல்லிக் காட்டுங்கன்னேன். நர்ஸுங்க என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க. அப்புறம் நிர்வாகியே வந்து நின்னுட்டார். "மேடம், போதும் உங்க விளையாட்டு. பார்வையாளர் நேரம் வந்தாச்சு. எல்லாரையும் மேல அனுப்புங்க"ன்னார்.

நாத்தனார்: பார்த்தேன். கையைக் கட்டிட்டு நின்னார்.

அண்ணி: என் வாயில ஒரு சாக்கு பாக்கி இல்லை. எத்தனை வருஷ சர்வீஸ்... அவ்வளவு ஏழையா நான் என்னிக்கும் நின்னதில்லை. சரி, உண்மையைப் போட்டு உடைச்சுடலாம், வேலை போனா போகட்டும்னு வாயைத் திறக்கறேன்... அப்பதான் உன் குரல்.

நாத்தனார்: ம்.

அண்ணி: அப்ப எனக்கு உன் தப்பு பெரிசாவே படலை. கும்பிடாத குறை. நீ கத்தினது, எல்லாரும் மறுபடி தேட ஓடினது, அந்த நேரம் பார்த்து மேல இடி விழுந்த மாதிரி சத்தம், சாய்தளம் வழியாப் புழுதி உருண்டு வந்தது... எல்லாம் ஒண்ணா நடந்துச்சு. உன் தப்பாலதான் பிழைச்சோம். அது வேற. ஆனா தப்பு தப்புதானே? நாளைக்கு நிஜமா ஒரு தீ வந்தா, இல்லாத ஆளைத் தேடி ஒருத்தி உள்ள ஓடினா...

நாத்தனார்: ஓட விடமாட்டேன். இன்னிக்கும் வார்டுப் பக்கம் ஒருத்தியையும் ஏற விடலையே. கீழதானே தேடச் சொன்னேன்? டீ ஆறியே போச்சு. வேற வாங்கிட்டு வரேன்.

அண்ணி: உட்காரு.

நாத்தனார்: பக்கத்துலதான் அண்ணி...

அண்ணி: உட்காருன்னேன். நான் இவ்வளவு சொன்னேன், உனக்கு ஆச்சரியமே இல்லையே. "ஓ"ங்கறே, "அட"ங்கறே. உங்க அண்ணன் சட்டை வாங்கின கதையைக் கேட்டாக் கூட இதைவிட அதிகமா வாயைப் பிளப்பே.

நாத்தனார்: களைப்பு அண்ணி.

அண்ணி: இங்க நிக்கற இந்த மருந்து வண்டி... அது எப்படிக் கீழ வந்துச்சு?

நாத்தனார்: யாரோ தள்ளிட்டு வந்திருப்பாங்க.

அண்ணி: வண்டிச் சாவி உன் இடுப்புல. ஒத்திகைக்கு மருந்து வண்டியை நாம எடுக்கறதே இல்லை. தையல்காரரையும் எடுக்கறதில்லை. காலுக்கு எடை கட்டித் தொங்க விட்ட ஆளை ஒத்திகைக்கு அசைக்கவே கூடாதுன்னு என்கிட்ட சண்டை போட்டவளே நீதான். அவருக்குப் பதிலா ஒரு மெத்தையைச் சுருட்டித்தான் தள்ளுவோம். இன்னிக்கு, "எல்லாரையும்"னு நான் சொன்னப்ப... நீ ஒரு வார்த்தை கேக்கலையே.

நாத்தனார்: மேட்ரன் சொன்னா கேக்கணும் இல்லையா.

அண்ணி: என்னிக்குக் கேட்டிருக்கே? காலையில நான் வர்றப்ப ஜன்னல் வரிசையில எல்லாம் புதுப் போர்வை. துணி மாத்தற நாள் இன்னிக்கு இல்லையே.

நாத்தனார்: மேலேருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்துச்சு அண்ணி. கண்டக்டர் இருமிட்டே இருந்தார். நானும் நிர்வாகிகிட்ட போய்ச் சொன்னேன். உங்களுக்கு முன்னாடியே. என்னையும் உட்காரச் சொல்லலை.

அண்ணி: அடிப்பாவி.

நாத்தனார்: உங்ககிட்ட சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன். அதுக்குள்ள விசில் சத்தம் கேட்டுச்சு.

அண்ணி: பொறு... பொறு. என் மண்டையில இப்பதான் ஏறுது. மூணாவது தடவை, "தையல்காரரைக் காணோம்"னு கத்தினே. அவர் உன் எதிர்லயே படுத்திருந்தார். "நான் இங்கதாம்மா இருக்கேன்"னு வேற சொன்னார்.

நாத்தனார்: காதுல விழுந்துச்சு.

அண்ணி: கூடமே சிரிச்சுது உன்னைப் பார்த்து. நிர்வாகி தலையில அடிச்சுக்கிட்டார். நாளைக்கு நான் சொல்லப் போற பேரு உன் பேருன்னு உனக்குத் தெரியும். அவ்வளவு பேர் பார்க்க, அவரைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, ஏண்டி அப்படிச் சொன்னே?

நாத்தனார்: பக்கத்துல கூட இல்லை அண்ணி, அவர் கட்டிலோட கைப்பிடி என் கையிலதான் இருந்துச்சு. இருக்கார்னு சொல்லியிருந்தா, அந்தக் கட்டிலை நான்தானே திரும்ப மேல தள்ளிட்டுப் போயிருக்கணும்?